கூரில்லாத உளி

போன சனிக்கிழமை பின்னேரம் என் பழைய மாணவன் ஒருவன் உரப்பை ஒன்றைச் சுமந்துகொண்டு, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்கு வந்தான். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்புறமுள்ள பழைய இரும்புக் கடையொன்றில் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கிய சாமான்கள். பல்கனியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அகன்ற வாயுள்ள உளி போல மூன்று. நுனி வளைந்த கொக்கி போல ஒன்று. பிடியில்லாத வாய்ச்சித் தலை. முழ நீளத் துறப்பணம். கடைசியாக, ஒரு முனையில் மட்டும் இரும்பு வளையம் மிஞ்சிய, வெடித்த மரக்கட்டை. அடுப்பெரிக்க உதவும் என்று கடைக்காரர் அதைச் சும்மா போட்டுவிட்டாராம்.

"சேர், இந்த உளி மூண்டும் நல்ல பாரமாக் கிடக்கு. உங்கட கிரைண்டரில பிடிச்சுக் கூராக்கித் தாறீங்களா?"

நான் ஒன்றை எடுத்து அதன் வாயைப் பெருவிரலால் தடவினேன். கூர் மழுங்கிய உளியில் ஒரு சொரசொரப்பு இருக்கும். இதில் அது இல்லை. செய்த நாளிலிருந்தே கூர் வைக்கப்படாத வாய். அரைக்கால் அங்குலத் தடிப்பில் தட்டையாக இருந்தது. அதன் நடுவே நீளவாட்டில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடியது. இரண்டாவது உளியில் அந்தப் பள்ளம் இரண்டு.

"தம்பி, முதலில தேத்தண்ணியைக் குடியும். கிரைண்டர் இண்டைக்கு வேண்டாம்" என்றேன்.

இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் வந்தன. அன்று பொழுதுபடும் வரைக்கும் அவனுக்குச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். இப்படிப்பட்ட இரும்புகள் கொழும்பில் இன்னும் பல கடைகளின் மூலையிலும் வீடுகளின் கட்டிலடியிலும் கிடக்கின்றன. கண்டெடுக்கிறவர்கள் ஆசையோடு முதலில் செய்வது கூராக்குவது, அடுத்தது பளபளப்பாக்குவது. அந்த இரண்டிலும் ஆயுதம் சொல்ல வைத்திருந்த செய்தி அழிந்துபோகிறது.

இடுக்கை அடைக்கும் இரும்பு

அவன் கொண்டுவந்த மூன்றும் மரம் வெட்டுகிற உளிகள் அல்ல. கலப்பத்து உளிகள்.

மரக்கப்பலுக்கு அடியில் முதுகெலும்பாகக் கிடப்பது ஏரா. அதிலிருந்து விலா எலும்பு போல எழுவது வங்கு. வங்கின் மேல் பலகைகளை அறைந்தால் கப்பலின் உடல் உருவாகும். தச்சன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பலகைக்கும் பலகைக்கும் இடையே தண்ணீர் புகும். வெயிலில் மரம் சுருங்கும், தண்ணீரில் ஊதும். அதனால் அந்த இடுக்கைக் கப்பல்தச்சர்கள் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். உட்பக்கம் பலகைகள் ஒட்டி நிற்கும், வெளிப்பக்கம் சற்று விரிந்திருக்கும். அங்குலத்தை எட்டாகப் பிரித்த ஒரு பங்கை நம் தச்சர்கள் ஒரு நூல் என்பார்கள். பலகைத் தடிப்பின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை நூல் விரிவு என்பது பல நாட்டுக் கப்பல்தச்சர்களும் வைத்திருந்த பொதுக் கணக்கு. இரண்டு அங்குலப் பலகை என்றால் வெளியே ஒரு நூல் திறந்திருக்கும்.

அந்த இடுக்குக்குள் பஞ்சுத் திரியையோ சணல் நாரையோ செலுத்தி, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவதுதான் கலப்பத்து. மேலே குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவது இந்தியப் பெருங்கடற் கரைகளின் பழைய வழக்கம். ஐரோப்பியர் தாரைக் காய்ச்சி ஊற்றினார்கள். கப்பல் கடலில் இறங்கியதும் பலகை ஊதும், பஞ்சும் ஊதும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கித் தண்ணீருக்கு வழியில்லாமற் செய்துவிடும்.

சொல்லையும் ஒருமுறை பாருங்கள். போர்த்துக்கேய மொழியில் இந்த வேலை செய்கிறவன் 'கலஃபாத்தே'. வளைகுடா அரபிகள் கப்பல் கட்டுகிறவனை 'கல்லாஃப்' என்கிறார்கள். கேரளத்தின் பேப்பூரில் உரு என்ற மரக்கப்பல் கட்டும் இடத்தில் 'கல்பத்து' என்கிறார்கள். நம்மிடம் அது கலப்பத்து. இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களில் ஏறித்தான் அந்தச் சொல்லும் கரைகரையாக இறங்கியிருக்கிறது.

விளங்கவைக்க வேண்டுமே என்று, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த இரண்டு பலாப்பலகைத் துண்டுகளை எடுத்து ஒரு நூல் இடைவெளி விட்டு இறுக்கிக் கட்டினேன். விளக்குத்திரிப் பஞ்சை முறுக்கி இடுக்கில் வைத்தேன். முதலில் நான் பயன்படுத்தும் கூரான மரவேலை உளியால் அடித்தேன். பஞ்சு அறுந்தது. அறுந்த துண்டுகளைக் குண்டூசியால் தூக்கியபோது தனித்தனியாக வெளியே வந்துவிட்டன. பிறகு புதுத் திரி வைத்து, பள்ளமுள்ள கலப்பத்து உளியால் அடித்தேன். திரி அறாமல், உளியின் இரண்டு விளிம்புக்கும் நடுவே திரண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. குண்டூசியால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை.

"அப்ப, கூராக்கியிருந்தால்..?" என்றான்.

கூராக்கியிருந்தால் அது கலப்பத்து உளியாகவும் இருந்திராது, மரவேலை உளியாகவும் உதவியிராது. பள்ளமில்லாத மெல்லிய வாயுள்ள உளி முதல் திரியைச் செருகுவதற்கு. ஒரு பள்ளம், இரண்டு பள்ளம் உள்ளவை மேல் திரியை அழுத்தி மட்டமாக்குவதற்கு. இடுக்கு ஓரிடத்தில் ஒடுங்கும், ஓரிடத்தில் விரியும். அதற்கேற்பத் திரியைச் சின்னச் சின்ன மடிப்பாகக் கூட்டியும் குறைத்தும் வைப்பதில்தான் கைவேலை இருக்கிறது. குறைத்து அடைத்தால் ஒழுகும். அளவுக்கு மிஞ்சி அறைந்தால் பலகை வங்கை விட்டுக் கிளம்பும். அவன் கொண்டுவந்த கொக்கி, பழுதுபார்க்க வந்த கப்பலின் பழைய அடைப்பைத் தோண்டி இழுப்பதற்கானது.

அடுப்புக்குப் போக இருந்த கட்டை

இனி அந்த வெடித்த கட்டை. அது ஒரு கலப்பத்துக் கொட்டாப்புளியின் தலை. கண்டதும் எனக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது. ஏறத்தாழ ஓரடி நீளம், உருண்ட மரம். நடுவில் பிடி போட்ட துளை. துளைக்கு இருபுறமும் மரத்தை ஊடறுத்து நீளவாட்டில் அறுத்த இரண்டு வெட்டுகள். பிளவு என்று பெடியன் நினைத்தது அந்த வெட்டுகளில் ஒன்றைத்தான்.

அந்த வெட்டு மரத்துக்கு ஒரு துள்ளல் கொடுக்கிறது. நாள் முழுக்க அடிக்கிறவனின் மணிக்கட்டில் ஏறும் அதிர்வு குறைகிறது. இன்னொரு பயன் ஓசை. வெட்டுள்ள கொட்டாப்புளி மணி போலக் குரல் கொடுக்கும். திரி தளர்வாக இருக்கும்போது ஓசை மந்தமாக வரும், இறுக இறுகக் குரல் உயரும். பழகிய கலப்பத்துக்காரர் கண்ணை விடக் காதை நம்புவார்.

என் தாயாரின் ஊர் வல்வெட்டித்துறை. சிறுவயதில் பள்ளி விடுமுறைக்குப் போனால் விடியற்காலையில் கடற்கரையிலிருந்து அந்த ஓசை வரும். இரண்டு மூன்று பேர் வரிசையாக இருந்து அடிக்கும்போது ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போல இருக்கும். குரல் உயர்ந்து ஓரிடத்தில் நிற்கும், பிறகு ஆள் அரையடி தள்ளி உட்கார்ந்து மந்தமாகத் தொடங்குவார். அந்த ஓசைக்குக் காரணம் இந்த வெட்டுத்தான் என்பதை மரவேலை கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன்.

கொட்டாப்புளியின் முகம் தேயத் தேய அதைச் சீவி, இரும்பு வளையத்தைப் பின்னுக்குத் தட்டி ஏற்றுவார்கள். ஆகவே வளையம் நடுத்துளையை எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ, அவ்வளவு காலம் அது உழைத்திருக்கிறது. இந்தத் தலையில் மிஞ்சிய வளையம் துளையை மூன்று விரல் தூரத்துக்கு நெருங்கியிருந்தது. நீண்ட காலம் உழைத்த கட்டை. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தது. ஒரே ஆள் ஒரே சாய்வில் அடித்ததன் அடையாளம் அது. அந்தக் குழியை மட்டப்படுத்தினால் அந்த மனிதர் அங்கே இருந்ததற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

முளையுள்ள வாய்ச்சி, மூக்கில்லாத துறப்பணம்

வாய்ச்சியை நம் வீடுகளில் பலர் பார்த்திருப்பார்கள். நம் தச்சர்களுடையது குறுகிய பிடியோடு ஒரு கையில் அடங்குவது. உட்கார்ந்திருந்தே செதுக்கலாம். பையில் வந்தது வேறு சாதி. ஐரோப்பியக் கப்பல்தச்சர் நின்றபடி, நீண்ட பிடியை இரு கையாலும் பிடித்துத் தன் காலை நோக்கி வீசிச் செதுக்குவது. அதன் பின்புறத்தில் சுண்டுவிரல் போல ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். பலகையில் முறிந்து நிற்கும் ஆணித் தலையை அந்த முளையால் உள்ளே அடித்து இறக்கிவிட்டுத்தான் செதுக்குவார்கள். இல்லாவிட்டால் வாய் பல்லுப் போகும்.

பிடி போடும் கண்ணையும் கவனியுங்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியிருக்கும். வாய்ச்சிக்குச் சாய்வு உட்பக்கத்தில் இருப்பதால், பிடியைக் கழற்றினால்தான் வசதியாகச் சாணை பிடிக்கலாம். வீசும்போது தலை தானாக இறுகும், கழற்ற வேண்டும் என்றால் பிடியின் அடியைத் தரையில் தட்டினால் போதும். இதை அறியாமல் பிடியை ஆப்பு வைத்து, பசை ஊற்றி நிரந்தரமாக இறுக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

துறப்பணத்துக்கு நுனியில் திருகுமூக்கு இல்லை. பெடியன் அது முறிந்துவிட்டது என்று எண்ணி, அரத்தால் கூர் எடுக்கலாமா என்று கேட்டான். அது முறியவில்லை. ஏராவையும் வங்கையும் சேர்த்துப் பிணைக்க ஆழமான துளை வேண்டும். திருகுமூக்குள்ள துறப்பணம் மரத்தின் நாரைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கில் வளைந்துவிடும். மூக்கில்லாததைத் தொடக்கத்தில் நேராக நிறுத்திவிட்டால் நேராகவே இறங்கும்.

கொட்டாஞ்சேனைக்கு வந்த வழி

இவை ஏன் கொட்டாஞ்சேனையில் கிடைக்கின்றன என்பதற்குப் பதில், அந்த வீதிகளின் முனையில் நின்றாலே தெரியும். துறைமுகம் பக்கத்தில். கொழும்பு அலைத்தடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்தார். 1885 வாக்கில் தென்மேற்குச் சுவர் எழுந்து நின்றது. 1906இல் பெரிய உலர்துறை திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களின் காலம்தான் அது. ஆனால் இரும்புக் கப்பலுக்கும் மேல்தளம் மரப்பலகை, அதன் இடுக்குக்கும் கலப்பத்து வேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குச் சுமந்த படகுகளுக்கும் வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் ஓடும் ஏற்றி வந்த தோணிகளுக்கும் வேண்டும். வடக்கிலிருந்து வந்த பாய்க்கப்பல்களுக்கும் வேண்டும். ஆகவே ஒரு கலப்பத்து உளியைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்ன கப்பலில் வேலை செய்தது என்று துணிந்து சொல்ல முடியாது. சொல்கிற வியாபாரியை நம்பவும் வேண்டாம்.

ஆனால் இந்த இரும்பு எவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவியது என்பதைச் சொல்லலாம். 1930 வாக்கில் வல்வெட்டித்துறையில் 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 90 அடி நீளம். வேப்பமரம் அதன் முக்கிய மரம். 'ஸ்வாப்' என்ற சிறு பாய்ப்படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அந்தக் கப்பலைக் கண்டு விரும்பி வாங்கினார். 'புளொறன்ஸ் சி. றொபின்சன்' என்று தன் மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் அதைச் சுயெஸ் கால்வாய் வழியாகக் கொண்டுபோய், அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மாலுமிகளைப் பாடுகிறோம், பாட வேண்டியதுதான். அத்தோடு இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செங்கடலின் வெயிலில் சுருங்கி, அத்திலாந்திக்கின் அலையில் முறுக்குண்ட அந்தப் பலகைகளுக்கு இடையில், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தொடங்கிய கலப்பத்து வேலை இருந்தது. கப்பல் போய்ச் சேர்ந்த குளொஸ்டரும் பாய்க்கப்பலுக்குப் பேர்போன ஊர். அதே மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் சி. ட்ரூ கம்பனி தலைமுறை தலைமுறையாகக் கலப்பத்து உளிகள் செய்து அமெரிக்கா முழுவதும் விற்றுவந்தது. இரண்டு கரையிலும் வேலை ஒன்றுதான், ஆயுதமும் ஏறத்தாழ ஒன்றுதான். அவர்களுடைய உளியில் கம்பனியின் பெயர் அடித்திருக்கும். நம்முடையதில் பெரும்பாலும் எந்தப் பெயரும் இராது.

கறள் வேறு, தேய்மானம் வேறு

இப்போது மீட்கும் வேலைக்கு வருவோம். ஒரேயொரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கறள் என்பது கவனிக்காமல் விட்டதால் வந்தது, அதை எடுக்கலாம். தேய்மானம் என்பது வேலையால் வந்தது, அதைத் தொடக் கூடாது.

எடுத்தவுடன் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றையும் அடிமட்டத்தோடு சேர்த்து வைத்து இருபுறமும் படம் எடுங்கள். எங்கே வாங்கினீர்கள், எவையெல்லாம் ஒரே பையில் வந்தன என்று எழுதிவையுங்கள். ஒரே பையில் வந்தவை ஒரே மனிதரின் ஆயுதப்பெட்டியாக இருக்கலாம். பிரித்துப் பிரித்து விற்றுவிட்டால் பிறகு யாராலும் சேர்க்க முடியாது.

பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் அழுக்கையும் பழைய எண்ணெயையும் நீக்குங்கள். பழைய பெயின்ற் ஒட்டியிருந்தால் காய்ந்தபடி உரசாதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருந்தது, தூசி மூச்சில் போகும்.

கறளுக்கு வீட்டிலுள்ள வினாகிரி போதும். இரும்பு மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் தேய்த்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் சில மணித்தியாலம் விடலாம். நாட்கணக்கில் மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் அரித்துவிடும். எடுத்தவுடன் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுங்கள். மிஞ்சிய புளிப்பு அடங்கும். உடனே துடைத்து, வெயிலிலோ சூட்டிலோ உலர்த்துங்கள். ஈரமாக மேசையில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனால், திரும்பி வரும்போது செம்மஞ்சள் படிந்திருக்கும்.

எங்கள் உளிகள் ஞாயிறு காலை வினாகிரியிலிருந்து வெளியே வந்தன. அப்போது கண்டதைச் சொல்ல வேண்டும். ஒன்றின் கழுத்தில் எழுத்துகளின் கடைசிப் பகுதி தெரிந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரப் பெயரின் பின்பாதி. மூன்றாவது உளியில் எழுத்தே இல்லை. உடல் முழுக்கச் சுத்தியல் பட்ட தட்டையான முகங்கள். கம்மாலையில் ஒருவர் ஷெஃபீல்ட் உளியைப் பார்த்து அடித்து எடுத்தது. அதன் வாயிலிருந்து அரை அங்குலம் மேலே ஒரு கோடு குறுக்கே ஓடியது. கோட்டுக்கு மேலே வெளிர் சாம்பல், கீழே கருஞ்சாம்பல். மேலே தேனிரும்பு, கீழே உருக்கு. உருக்கு விலை கூடிய காலத்தில் வாய்க்கு மட்டும் உருக்குத் துண்டைக் காய்ச்சி ஒட்டுவார்கள். புளிப்புப் பட்டதும் உருக்கு கறுக்கும், தேனிரும்பு வெளிரும். பெயர் தெரியாத அந்தக் கொல்லரின் வேலை அந்த ஒரு கோட்டில் துலங்கியது. கழுத்துக்குக் கீழே அரத்தால் போட்ட இரண்டு சிறு வெட்டுகளும் இருந்தன. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் தன் உளியை அடையாளம் காண ஒருவர் போட்ட குறி. கிரைண்டரில் பிடித்திருந்தால் அந்தக் கோடு தெரிந்திருக்காது. பளபளப்பாக்கியிருந்தால் அந்தக் குறியும் மறைந்திருக்கும்.

கிரைண்டரை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் சூடு. உருக்கின் வாய் சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறமும் பிறகு ஊதாவும் பிறகு நீலமும் ஓடும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் கண்டுவிட்டால் அந்த இடத்தின் கடினம் குறைந்துவிடும். வாய்ச்சி போல உண்மையாகவே கூர் வேண்டியவற்றைச் சாணைக்கல்லில், தண்ணீரோ எண்ணெயோ விட்டுக் கையால் தீட்டுங்கள்.

உளியின் தலை அடிபட்டுக் காளான் போல விரிந்திருக்கும். அதை வைத்து மறுபடி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள். சிம்பு பறந்து கண்ணில் படும் ஆபத்து உண்டு. வேலை செய்யப் போவதில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.

கடலில் கிடந்த இரும்பானால் உப்பு உள்ளே ஊறியிருக்கும். மேற்பரப்பைத் துடைத்தாலும் கறள் உள்ளிருந்து திரும்பத் திரும்ப வரும். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் 'அவொண்ட்ஸ்டர்' இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழப்பட்டபோது, எடுத்த பொருட்களைப் பேணக் காலியிலேயே ஒரு பேணற்கூடம் நடத்தினார்கள். கடலுக்கடியில் கிடந்த இரும்பிலிருந்து உப்பை வெளியேற்ற, காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் உளிகளுக்கு அவ்வளவு தேவையில்லை. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஓரிரு நாள் வைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் நல்லது.

மரப்பிடிகளை எறிய வேண்டாம். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கியெடுக்கப்பட்ட ஆங்கிலக் கப்பல் 'மேரி றோஸ்' தச்சரின் ஆயுதங்களோடு கிடைத்தது. இரும்பு வாய்கள் கரைந்து போயிருந்தன. மரப்பிடிகள் நின்றன. அந்தப் பிடிகளைக் கொண்டே எந்த ஆயுதம் என்று கண்டார்கள். நம் பிடிகளுக்கு உலர்ந்த துணியால் துடைத்து ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள். கொட்டாப்புளித் தலையின் வெட்டுகளை நாங்கள் ஒட்டவில்லை. வளையத்தைக் கழுவி எண்ணெய் போட்டு, இருந்த இடத்திலேயே விட்டோம்.

கடைசியாக, வெள்ளவத்தைக் காற்று. தண்டவாளத்துக்கு அப்பால் கடல். இரவு யன்னல் திறந்திருந்தால் காலையில் கத்தியிலும் கறள் காணலாம். தையல் மெசின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மாதம் ஒருமுறை துடைத்துத் திரும்பப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்குப் பிடித்து நாறும்.

கேட்க வேண்டிய நேரம்

ஆர். ஏ. சலமன் என்ற ஆங்கிலேயர் மரவேலை ஆயுதங்களுக்கென்று பெரிய அகராதி ஒன்றை 1975இல் வெளியிட்டார். அதில் கப்பல்தச்சரின் ஆயுதங்களும் படத்தோடும் பெயரோடும் உண்டு. நம் கரைக் கப்பல்தச்சருக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதற்கான சொற்கள் இன்றும் சிலரின் வாயில் இருக்கின்றன. வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் மயிலிட்டியிலும் கடலோடு வாழ்ந்த குடும்பங்கள் போரினால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருக்கும் பெரியவர்களில் சிலர் கப்பல் கட்டிய மேத்திரியார் வீட்டுப் பிள்ளைகள். வங்கு எப்படி வளைத்தார்கள், திரி எதில் முறுக்கினார்கள், எண்ணெயில் என்ன கலந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

பெடியனுக்கு ஒரு சின்னக் கொப்பி கொடுத்தேன். முதற் பக்கத்தில் ஏழு உருப்படிகளின் படத்தை ஒட்டி, கீழே எழுதினான்: வாங்கிய நாள், இடம், அளவு, தெரிந்த பெயர், தெரியாத பெயர். கொக்கிக்கும் மூக்கில்லாத துறப்பணத்துக்கும் நம் கரையில் என்ன பெயர் வழங்கியது என்ற இடம் காலியாக இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அவனுடைய நண்பனின் அப்பப்பா கடலோடியாம். அடுத்த ஞாயிறு இருவருமாகப் போய்க் கேட்கப் போகிறோம்.

நவராத்திரி முடிவில் ஆயுத பூசை வரும். தச்சர் வீட்டில் உளியும் வாய்ச்சியும் சந்தனம் வைத்து அடுக்கப்படும். உங்கள் வீட்டிலும் தாத்தாவின் இரும்பு ஏதாவது கிடந்தால் இந்த முறை வெளியே எடுங்கள். சந்தனம் வைக்கிறதற்கு முன், அதன் பெயரையும் வைத்திருந்தவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள்.